முதலாண்டு வகுப்பில் வானும் உயிரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. மாதம் ஒரு கூட்டம் என்று கணக்கிட்டாலும் 120 கூட்டங்கள் ஆகின்றன. மழை பெய்த நாளிலும் தேர்வுக் காலத்திலும் கதவைத் திறந்து வைத்து, வந்தவர் பதின்மராயினும் பத்தொன்பதின்மராயினும் அவர்க்காகவே கூட்டத்தை நடத்தியவர்களை எவ்வளவு பாராட்டினும் தகும்.

தமிழ்த்துறையைச் சார்ந்த நான் சங்க இலக்கியம் குறித்தோ காப்பியம் குறித்தோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கல்லூரியில் முதன்முதலாகக் காலடி வைக்கும் மாணவனுக்கும் மாணவிக்கும், அவர்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும், வானியலிலும் உயிரியலிலும் ஓர் அறிமுகப் பாடம் வேண்டும். அப்பாடம் தமிழில் அமைதல் வேண்டும். அதனை உருவாக்குவதில் தமிழாசிரியர்க்கும் பங்கு உண்டு. இம்மூன்று கருத்துகளையே உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

முதற்பாடம் மறைந்தது

1978ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டுப் படிப்பு இருந்தது. அதற்கும் முன்னர் இன்டர்மீடியட் என்னும் ஈராண்டுப் படிப்பு இருந்தது. பட்டப்படிப்பின் வாயிற்படியாக விளங்கிய அவ்வகுப்பில்தான் அறிவியலின் முதற்பாடம் கல்லூரி ஆசிரியரால் கற்பிக்கப்பட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குச் சென்றது. அது நல்ல மாற்றமே. ஊரை விட்டு வெளியே அனுப்பப்படாத பெண் பிள்ளைகள் பலர், அருகிலிருந்த பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வழி பிறந்தது. ஆயினும் அந்த மாற்றத்தில் ஒன்றை நாம் இழந்தோம். எல்லாரும் ஏறிச் செல்லும் பொதுப் படி ஒன்று கல்லூரியிலிருந்து அகன்றது.

இன்று வரலாறும் வணிகவியலும் தமிழும் பயில வருவோருள் பலர், பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடை கொடுத்தவர்கள். அறிவியல் மாணவரின் நிலையும் நிறைவாக இல்லை. கணிதம் பயில்பவன் உயிரணுவைப் பற்றிக் கேட்பதில்லை. விலங்கியல் பயில்பவள் விண்மீனைப் பற்றிக் கேட்பதில்லை. வானியலோ, பெரும்பாலான கல்லூரிகளில் எந்தத் துறைக்கும் உரியதாகாமல் தாயற்ற பிள்ளையாக நிற்கின்றது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இலக்கியம் பயில்வோரும் அறிவியல் பாடம் ஒன்றிரண்டேனும் பயின்றாக வேண்டும். அவர்களுள் பலர் தேர்ந்துகொள்வன வானியல் அறிமுகமும் உயிரியல் அறிமுகமுமே. வானம் எல்லார்க்கும் மேலே உள்ளது. உயிர் எல்லார்க்கும் உள்ளே உள்ளது. எனவே பிற துறையினர்க்கு அறிவியலைத் திறந்து காட்ட இவ்விரண்டினும் சிறந்த வாயில்கள் இல்லை.

சோழியும் தொலைநோக்கியும்

வானியல் நமக்குப் புதியதன்று. சென்னை வானாய்வுக்கூடம் 1792இல் அமைந்தது. அதன் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த ஜான் வாரன் என்பவர், தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் திரட்டி, 'காலசங்கலிதம்' என்ற பெரிய நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அவர் சந்தித்தார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டு வாக்கியங்களின் துணைகொண்டு, 1825ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் ஏற்பட்ட பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்தில் 50 நிமிடம் அளவுக்குப் பிழை இருந்தது. தாளும் எழுதுகோலும் இன்றி இதனைச் செய்தார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு விம்முகின்றது. கணித வரலாற்று அறிஞர் ஆட்டோ நியூகபவர், 1952இல் தமிழர் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இச்செய்தியை உலக அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

ஆனால் வாரன் கூறும் மற்றொரு செய்தியையும் நாம் மறைத்தல் கூடாது. அக்கணிதர்க்குக் கணக்கின் வழி தெரிந்திருந்தது. கணக்கின் காரணம் தெரிந்திருக்கவில்லை. ஏன் இந்த எண்ணைக் கூட்டுகின்றோம், ஏன் அதனைக் கழிக்கின்றோம் என்ற விளக்கம் எங்கோ ஒரு தலைமுறையில் நழுவிப் போயிற்று. வாய்பாடு மட்டும் எஞ்சியது. காரணம் தெரியாத கணக்கைத் திருத்த இயலாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேரும் பிழை, ஒரு நூற்றாண்டில் வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

அது வெளிப்பட்ட நாளும் வந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் டேனியல் பூவர். தமிழ் மாணவர்க்கு வானியல் அங்கே பாடமாகவே வைக்கப்பட்டிருந்தது. 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி, அவ்வூரின் புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாத்திரியாரின் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருந்தது. கிரகண இரவில் பூவரின் கணிப்பே சரியாயிற்று. பூவர் இதனைச் சமய வாதத்திற்குக் கருவியாக்கிக் கொண்டார். அது அவர் காலத்து நோக்கம், அதனை விடுப்போம். நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. அறிவு அளவில் நம் கணிதர் குறைந்தவரல்லர். அவர்க்குக் கிடைத்த கல்வியில் 'ஏன்' என்ற சொல் இல்லை. அதுவே குறை.

அக்குறையைத் தாமே உணர்ந்து கடந்தவரும் நம்மிடையே இருந்தனர். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, பழைய சித்தாந்தங்களையும் கற்றவர். தொலைநோக்கியின் முன்னும் இரவுகளைக் கழித்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்ற நிகழ்ச்சியைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ளுமாறு, வினா விடை உரையாடலாகச் சிறுநூல் ஒன்றையும் எழுதினார். அறிஞராக இருந்துகொண்டே அறிமுகப் பாடமும் எழுதிய அப்பெருமகனைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு பத்தியேனும் இடம்பெற வேண்டாவா?

மானிப்பாய் காட்டிய வழி

உயிரியலுக்கு வருவோம். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர்த் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் பயின்றவர் அரசு வேலையை நாடி வெளியூர் செல்கின்றனர், தமிழில் பயின்றவரே தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கண்ட உண்மை. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டோர்.

தமிழில் நூலில்லையே என்று அவர் தயங்கவில்லை. உடற்கூற்றையும் உடலியங்கியலையும் கூறும் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1857இல் வந்தது. 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியலைக் கூறும் 'கெமிஸ்தம்' 1875இலும் வந்தன. கிறீனும் அவர் மாணவரும் சேர்ந்து செய்த பணி இது. கலைச்சொல் ஆக்கத்தில் அவர் வகுத்துக்கொண்ட முறை எளியது. தமிழில் சொல் இருப்பின் அதனைக் கொள்க; இல்லையேல் வடமொழியில் தேடுக; அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுக. சொற்கள் முழுதும் அமையட்டும், பின்னர்ப் பாடம் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பாடம் நடத்த நடத்தச் சொற்கள் பிறந்தன.

நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்தோம். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய கலைச்சொற் கழகம், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொற்பட்டியல்கள், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகப் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியம் ஆகிய யாவும் போற்றத்தக்கன. 1960களிலும் 1970களிலும் கல்லூரிக்கென நூற்றுக்கணக்கான தமிழ்ப் பாடநூல்களும் அச்சாயின. ஆயினும் அவற்றுள் பல மறுபதிப்பும் திருத்தமும் காணாமல் நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. 1970களில் எழுதிய வானியல் நூல் புளூட்டோவை ஒன்பதாம் கோள் என்றே கூறும். 2006இல் அது குறுங்கோள் ஆனதை அந்நூல் அறியாது. ஞாயிற்றைப் போன்ற பிறிதொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995இல் கண்டறியப்பட்டதையும் அறியாது. மனித மரபணுத் தொகுதித் திட்டம் 2003இல் முற்றுப்பெற்றதை அக்கால உயிரியல் நூல் அறியாது. அறிவியல் நூல் அச்சாகி முடிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. ஆண்டுதோறும் உழவேண்டிய நிலம் அது.

சொல்லும் பொருளும்

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். அறிவியல் பட்டப்படிப்பு மாணவியர்க்கு நான் முதற்பகுதித் தமிழ் நடத்துகின்றேன். கட்டுரைப் பயிற்சிக்காக, 'உங்கள் பாடத்தில் நீங்கள் கற்ற ஒன்றை உங்கள் தாய்க்கு விளங்குமாறு எழுதுக' என்று கூறினேன். விலங்கியல் மாணவி ஒருத்தி ஆஸ்மாசிஸ் என்பதைத் தேர்ந்துகொண்டாள். ஆங்கில வரையறையை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தாள். தமிழில் 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எழுதத் தொடங்கியதும் அவள் கை நின்றுவிட்டது. மாங்காய்த் துண்டுகளில் உப்பிட்டு வைத்தால் ஏன் நீர் விடுகின்றது என்று கேட்டேன். 'அது ஊறுகாய் அம்மா, அப்படித்தான் ஆகும்' என்றாள். மாங்காயின் உயிரணுவிலிருந்து உப்பை நோக்கி நீர் வெளியேறுவதே அவள் ஒப்பித்த வரையறையின் பொருள் என்று சொன்னவுடன் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் எங்ஙனம் விளக்குவேன்!

மதிப்பெண் குறைந்த மாணவியல்லள் அவள், முயற்சியிலும் குறைந்தவளல்லள். பள்ளிக் கல்வியைத் தமிழில் கற்றுவிட்டு, கல்லூரியில் ஆங்கிலக் குறிப்புகளை மனப்பாடம் செய்யும் பல்லாயிரவருள் ஒருத்தி. சோழி பரப்பிய கணிதர்க்கும் இவளுக்கும் இடையே இரு நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. ஆயினும் வாய்பாடு இருக்கின்றது, காரணம் இல்லை என்ற நிலை அப்படியே இருக்கின்றது. இதுவே என்னை உறுத்துகின்றது.

கலைச்சொல் வேறுபாடு பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் நாம் உயிரணு அல்லது செல் என்பதை இலங்கைத் தமிழர் கலம் என்பர். நாம் ஒளிச்சேர்க்கை என்பதை அவர்கள் ஒளித்தொகுப்பு என்பர். நம் குரோமோசோம் அவர்க்கு நிறமூர்த்தம். நம் மரபணு அவர்க்குப் பரம்பரை அலகு. இவற்றுள் எது சிறந்தது என்று வழக்காடுவதில் நம் ஆற்றல் செலவாகின்றது. அறிமுகப் பாடத்தில் இரண்டையும் ஒருமுறை கூறி, ஒன்றைத் தொடர்ந்து ஆண்டால் போதும். மேலும், அணு என்பது பொருளின் நுண்கூறு. உயிரணு என்பதோ கோடிக்கணக்கான அணுக்களால் ஆனது. இரண்டிலும் 'அணு' இருப்பதால் மாணவர் மயங்குவர். மயக்கம் எங்கே பிறக்கும் என்று முன்னறிந்து விலக்குவது சொல்லின் இயல்பறிந்த தமிழாசிரியர் செய்யத்தக்க உதவி.

இலக்கிய வகுப்புக்கு என்ன பயன்?

அறிவியல் துறைக்கு நாம் உதவுவோம். நமக்கு அதனால் ஆவதென்ன என்று தமிழ்த்துறை நண்பர் கேட்கலாம். மிகுதியும் உண்டு.

பரிபாடலின் பதினோராம் பாடல் வையைப் புனல் வருகையைப் பாடுங்கால் கோள்கள் நின்ற நிலைகளையும் கூறுகின்றது. அதனைக் கணித்து, எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை கி.பி. 634ஆம் ஆண்டு ஜூன் 17 என்று நாள் குறித்தார். வேறு அறிஞர் அதனை ஏற்கவில்லை. பாடல் கூறுவது கண்ட காட்சியா, புலவர் அமைத்த அமைப்பா என்ற ஐயமும் எழுந்தது. பரிபாடலின் காலமே இவ்வாதத்தைச் சார்ந்து நிற்கின்றது. இந்த வாதத்தை முதுகலை வகுப்பில் நாம் நடத்துகின்றோம். ஆனால் புதன் ஞாயிற்றை விட்டு 28 பாகைக்கு மேலும், வெள்ளி 48 பாகைக்கு மேலும் விலகித் தோன்றா என்ற முதற்பாடம் மாணவர்க்குத் தெரியாது. தெரியாதபோது, இரு சாராரின் முடிவுகளையும் ஒப்பிப்பதன்றி எடைபோட அவர்களால் இயலாது.

திருப்பாவையில் வெள்ளி எழுதலையும் வியாழன் மறைதலையும் கூறும் பாசுரத்தைக் கொண்டு, மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731 என்று குறித்தார். இன்றும் மேடைதோறும் இவ்வாண்டு ஐயமற்ற உண்மையாக ஒலிக்கின்றது. அறிமுக வானியல் கற்ற மாணவி ஒருத்தி இங்கே மூன்று செய்திகளை எண்ணிப் பார்ப்பாள். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். வெள்ளியின் தோற்றங்கள் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாள்களில் மீண்டும் வரும். ஆகவே மார்கழி விடியலில் வெள்ளி கிழக்கே எழவும் வியாழன் மேற்கே விழவும் நேர்வது ஒரு நூற்றாண்டில் சில முறையேனும் நிகழும். முதற்பாசுரம் கூறும் முழுநிலவையும் சேர்த்துக்கொண்டால் ஆண்டுகள் குறையுமேயன்றி, பிற சான்றுகளின் துணையின்றி ஒரே ஆண்டைச் சுட்டுதல் அரிது. இவ்வாறு கூறுவது இராகவையங்காரின் புலமையைக் குறைப்பதாகாது. அவர் கணக்கின் வன்மையும் எல்லையும் எவை என்று அறிந்து போற்றுவதே உண்மையான போற்றுதல்.

இனி உயிரியல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கின்றது. 'அன்றே உயிரியல் கண்டார் தொல்காப்பியர்' என்று முழங்கிவிட்டு நாம் அடுத்த நூற்பாவிற்குச் சென்றுவிடுகின்றோம். சற்று நின்று பார்த்தால் பெருவிருந்து காத்திருக்கின்றது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கின்றது. தென்னையும் பனையும் மூங்கிலும் அதன்படி புல்லாகும். பனையைப் பிளந்து சட்டம் எடுப்போரைக் கேளுங்கள். வலிமை ஓரத்தில் இருக்கும், நடுவே சோறு இருக்கும். தேக்கில் தச்சர் தேடும் வயிரம் நடுவே இருக்கும். ஒருவித்திலைத் தாவரத்தின் தண்டில் நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. பனையில் அவை ஓரத்தில் நெருங்கி நிற்கின்றன. இருவித்திலை மரத்தில் ஆண்டுதோறும் வளையமாகக் கட்டை வளர்ந்து, உட்பகுதி முதிர்ந்து இறுகுகின்றது. பழந்தமிழர் கண்டது சரி. கண்டதற்குக் காரணம் கூறுவது கல்லூரி உயிரியல்.

எல்லா இடத்தும் இவ்வாறு பொருந்துமா? பொருந்தாது. கறையானையும் எறும்பையும் மரபியல் மூவறிவுயிராக ஒன்று சேர்க்கின்றது. நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராக வேறு வைக்கின்றது. இன்றைய உயிரியலின்படி இந்நான்கும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியின. கறையான் கரப்பானுக்கு உறவு. எறும்பு குளவிக்கு உறவு. தொல்காப்பியர் புலனறிவைக் கொண்டு பகுத்தார். 1859இல் டார்வினின் நூல் வெளிவந்த பின்னர் அறிவியல் பிறப்பு வழியைக் கொண்டு பகுத்தது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். இதனை உணர்ந்த மாணவனுக்கு நூற்பாவும் விளங்கும், அறிவியலும் விளங்கும். வெறும் பெருமை பேசினாலோ இரண்டும் விளங்கா.

வீட்டுக்குள் வரும் பாடம்

இலக்கியத்தினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே கூடியுள்ள தாய்மார்களை எண்ணியே அதனைக் கூறுகின்றேன். பெண் குழந்தையைப் பெற்றாள் என்பதற்காக மருமகளைப் பழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் அறவே ஒழியவில்லை. பிறந்த பெண் சிசுவைக் காப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் தமிழ்நாட்டரசு தொடங்க நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர், மாவில் வாழும் ஒரு வண்டினத்தின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் தந்தை தரும் குரோமோசோமைப் பொறுத்தது என்று காட்டினார். மனிதர்க்கும் அதுவே. தாய் தருவது எப்போதும் எக்ஸ். தந்தை தருவது எக்ஸ் அல்லது ஒய். ஒரு மணிநேரப் பாடம்தான் இது. ஆயினும் இதனைக் காரணத்தோடு கற்ற ஓர் இளைஞன், நாளை தன் வீட்டில் தன் மனைவிக்காக எழுந்து பேச முடியும். வணிகவியல் படித்தவனுக்கு இப்பாடம் வேண்டா என்று யார் சொல்வது?

உறவுத் திருமணமும் அத்தகையதே. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்ற உறவுகள் நம் குடும்பங்களின் அன்புக் கயிறுகள். அவற்றை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. ஆனால் தாய்மாமனை மணந்தவள் பெறும் குழந்தையிடத்தில், தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் ஒரே மூதாதையின் மரபணுவாக அமையும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகளை மணந்தவன் குழந்தையிடத்தில் பதினாறில் ஒன்று. மறைந்திருக்கும் குறை ஒன்று அக்குடும்பத்தில் இருப்பின் அது வெளிப்பட வழி பெருகுகின்றது. மெண்டல் 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு எழுதிய முடிபுகளின் நீட்சி இது. முடிவு செய்வது அவரவர் உரிமை. அறிந்து முடிவு செய்ய உதவுவது கல்வியின் கடமை.

வானியலும் அச்சத்தை அகற்றும். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கோவை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் கங்கண சூரிய கிரகணம் தெளிவாகத் தெரிந்தது. வாழ்நாளில் ஓரிரு முறையே வாய்க்கும் அக்காட்சியைக் காணாது, கதவடைத்து உள்ளே இருந்தோர் பலர். தாம்பாளத்தில் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, கிரகணத்தின் ஆற்றலால் நிற்கின்றது என்றனர் சிலர். அடிப்பகுதி தட்டையான உலக்கை, கவனமாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். மறுநாளும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒருவர்க்குத் தோன்றினால், அன்றே அவர்க்கு அறிவியல் தொடங்கிவிட்டது.

செய்யத்தக்கன

குறைகளைக் கூறி அமர்வது முறையன்று. மூன்று செயல்களை முன்மொழிகின்றேன்.

முதலாவது, பிற துறை மாணவர்க்கான விருப்பப்பாடம் என்ற ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களில் உள்ளது. அதில் ஒரு பருவத்திற்கு வானியல் அறிமுகமும், அடுத்த பருவத்திற்கு உயிரியல் அறிமுகமும் தமிழில் நடத்தலாம். விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. முற்றத்தில் ஒரு கோலை நட்டு, ஆண்டு முழுதும் நண்பகல் நிழலை அளந்தால் போதும். குமரிமுனையில் ஏப்ரல் 10ஆம் நாளை ஒட்டி நண்பகலில் நிழல் காலடியில் மறையும். சென்னையில் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மறையும். இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொண்டால், உலகம் உருண்டை என்பதைத் தாமே கண்டறிவர். உயிரியலுக்கு ஒரு நுண்ணோக்கியும் ஊர்க்குளத்து நீர்த்துளியும் போதும்.

இரண்டாவது, அப்பாடங்களுக்குரிய நூலை அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுதல் வேண்டும். ஒருவர் எழுதி மற்றவர் பிழை திருத்தும் முறையில் நல்ல நூல் பிறவாது. பொருள் அறிந்தவரும் சொல் அறிந்தவரும் வாக்கியந்தோறும் வழக்காடி எழுதினால்தான் மாணவர்க்கு விளங்கும் நடை அமையும். பெ.நா. அப்புசாமி சட்டம் பயின்றவர். ஆயினும் விளங்கிக்கொண்டதை மட்டுமே எழுதுவது என்ற நேர்மையால் அறிவியலைத் தமிழில் இனிக்க எழுதினார். அந்நடை நமக்கு முன்மாதிரி.

மூன்றாவது, இந்த இலக்கிய வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டு முதல் நான்கு கூட்டங்களுக்கு ஒன்றை ஓர் அறிவியல் ஆசிரியர்க்கு அளியுங்கள். அவர் தம் பாடத்தில் ஒன்றைத் தமிழில் விளக்கட்டும். விளங்காத இடத்தில் நாம் தயங்காது கை தூக்குவோம். எந்தச் சொல் விளங்கவில்லை, எந்த வாக்கியம் இடறுகின்றது என்று குறித்து அவரிடமே கொடுப்போம். ஓராண்டில் மூன்று பாடங்கள், பத்தாண்டில் முப்பது பாடங்கள். இருபதாம் ஆண்டு விழாவில் மலருடன் ஒரு பாடநூலையும் நாம் வெளியிடலாம்.

ஆங்கிலம் வேண்டா என்பது என் கருத்தன்று. மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் ஆங்கிலம் வேண்டும். அதனை நன்கு கற்க வேண்டும். ஆனால் காரணத்தை விளங்கிக்கொள்ளும் முதற்கணம் தாய்மொழியில் நிகழ்ந்தால், அதன்மேல் எம்மொழியிலும் மாடம் எழுப்பலாம். அடிப்படை விளங்காத மாணவர்க்கு எம்மொழியும் ஒப்புவிக்கும் மொழியே.